குண்டு போன வழி

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்துச் சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைத்துப் போராடியும் பலனில்லை. 2022 ஜனவரி 3 அன்று சிறுவன் இறந்துபோனான்.

துப்பாக்கியை விட்டுக் கிளம்பும்போது ரைபிள் குண்டு ஒலியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் காற்று அதைத் தேய்த்து, ஒலியின் வேகத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்றில் ஒன்றானால் ஆற்றல் ஒன்பதில் ஒன்றாகிவிடும். அப்படி வலுவிழந்த குண்டே ஒரு பிள்ளையின் மண்டையோட்டைத் துளைக்கப் போதுமானதாக இருந்தது. எந்த வேகத்தில் வந்தால் எவ்வளவு ஆழம் போகும், எலும்பில் பட்டால் எப்படித் திரும்பும், காயத்தை வைத்துக் குண்டு வந்த தூரத்தையும் திசையையும் சொல்ல முடியுமா என்ற கேள்விகளை ஆராய்வது குண்டுக்காயவியல். உடலுக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியும், துப்பாக்கிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரும் இன்று அதன் கருவிகள். இவ்விரண்டையும் எதுவரை நம்பலாம், மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் முன் வரும் துப்பாக்கிச் சூட்டு வழக்குகளுக்கு இவை எந்த அளவுக்கு உதவும் என்று பார்ப்பதே இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மிடம் குறைவாக இருப்பது கருவியல்ல, காயத்தைப் பற்றிய ஒழுங்கான பதிவு.

இந்த அறிவு வளர்ந்த கதையில் இந்தியாவுக்கு ஓர் இருண்ட இடம் உண்டு. 1895இல் சித்ரால் படையெடுப்பின்போது, புதிய .303 ரைபிளின் குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழுவதில்லை என்று பிரிட்டிஷ் படையில் குறை எழுந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே குண்டின் நுனியில் உலோக உறையை நீக்கி, உள்ளே இருக்கும் ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடலுக்குள் போனதும் அது மலர்ந்து பெரும் புண்ணை உண்டாக்கியது. 1899இல் ஹேக் மாநாடு இவ்வகைக் குண்டுகளைப் போரில் தடைசெய்தபோது பிரிட்டன் எதிர்த்து நின்றது. இதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் என்ற அறுவை மருத்துவர் எதிர்த்திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். தைராய்டு ஆய்வுக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். நீர் நிரப்பிய தகரப் பெட்டி, ஜெலட்டின், சடலம் என்று பலவற்றைச் சுட்டுப் பார்த்து, குண்டு தன் பாதையைத் துளைப்பதோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள நீர்ப்பசையுள்ள தசையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது என்று காட்டினார். சாகடிக்காமல் வீழ்த்தும் குண்டு வேண்டும் என்பது அவர் வாதம். ஒரே அறிவு, ஒரே பத்தாண்டு. ஒருவர் புண்ணைச் சிறிதாக்கப் பார்த்தார், மற்றவர் பெரிதாக்கினார்.

இரண்டாம் உலகப் போரில் பிரின்ஸ்டனில் நியூட்டன் ஹார்வி மயக்கமூட்டிய பூனைகளையும் நாய்களையும் சுட்டு, மைக்ரோ நொடி எக்ஸ்-ரேயில் படம் பிடித்தார். குண்டுக்குப் பின்னால் தசை ஊதிப் பெருத்து, சில மில்லி நொடிகளில் சுருங்கி மூடிக்கொள்வது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இதைத் தற்காலிகக் குழி என்கிறார்கள். குண்டு நேராக நசுக்கிச் சென்ற பாதை நிரந்தரக் குழி. அடுத்த ஐம்பது ஆண்டுச் சண்டையெல்லாம் இவ்விரண்டில் எது ஆளைக் கொல்கிறது என்பதைப் பற்றித்தான்.

வேகமே எல்லாம் என்று ஒரு கட்சி இருந்தது. அதிவேகக் குண்டு பட்டால் சுற்றியுள்ள சதையெல்லாம் செத்துவிடும், ஆகவே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று இராணுவ மருத்துவர்களுக்குப் பாடம் நடந்தது. வியட்நாமில் அறுவை மருத்துவராக இருந்த மார்ட்டின் ஃபாக்லர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 1981இல் சான்பிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் இராணுவ ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி, ஜெலட்டினில் கிடைப்பதைப் பன்றித் தசையில் கிடைப்பதோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். தசை இழுபட்டுத் திரும்பும் தன்மை கொண்டது. தற்காலிகக் குழியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஈரலும் மூளையும் தாங்காது, கிழிந்துவிடும். ஆகவே வேகத்தைப் பார்த்துக் கத்தியை எடுக்காதே, காயத்தைப் பார்த்து எடு என்றார். இத்துறையில் வந்த கட்டுரைகள் எங்கெங்கே தவறின என்று 1980களில் அவர் எழுதியவை இன்றும் படிக்கத்தக்கவை. எழுத்தில் கொஞ்சம் கோபம் உண்டு, அது நியாயமான கோபம்.

அவர் வகுத்த ஜெலட்டின் கட்டியை அருகில் போய்ப் பார்க்கலாம். நம் ஊரில் ஜெலட்டின் என்றதும் கல்குவாரியில் வைக்கும் வெடிகுச்சி நினைவுக்கு வரும்; இது அதுவல்ல, விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் புரதத் தூள். ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு நீர். தூளை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, பிறகு இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். சூடு 40 டிகிரியைத் தாண்டினால் புரதச் சங்கிலி அறுந்து கட்டி வலுவிழக்கும். நுரை அடங்கவும் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் இரண்டு சொட்டு லவங்கப்பட்டை எண்ணெய் விடுவோர் உண்டு. அச்சில் ஊற்றி 4 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் தேன்நிறத்தில், விரலால் அழுத்தினால் திரும்பி எழும் கட்டி கிடைக்கும். உடனே சுட்டுவிடக் கூடாது. முதலில் 4.5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுமணி ஒன்றை நொடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் செலுத்த வேண்டும், அது 8.5 சென்டிமீட்டர் அளவில் போய் நின்றால்தான் கட்டி சரியான பதத்தில் இருக்கிறது என்று பொருள். நேட்டோ நாடுகள் 20 சதவீதக் கட்டியை 10 டிகிரியில் சுடுகின்றன. ஆகவே எந்தக் கட்டி, எந்தச் சூடு என்று சொல்லாமல் "ஜெலட்டினில் 40 சென்டிமீட்டர் போனது" என்று எழுதும் அறிக்கைக்கு ஒரு மதிப்பும் இல்லை.

சித்திரை மாதத்து மதுரையில் இக்கட்டியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஓரம் வியர்த்துத் தளரும். 30 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கிவிடும். குளிரூட்டிய கூடம் இல்லாமல் இங்கே இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. மூலப்பொருளுக்குக் குறைவில்லை: கொச்சியில் நிட்டா ஜெலட்டின் நிறுவனம் மாட்டெலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கிறது. இன்னொரு பொருள் மதுரையிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் மதுரை ஆலைகளில்தான் அகர் ஆகின்றன. அகர் உருகுவதற்கு அதிக வெப்பம் வேண்டும் என்பதால் நம் வெயிலைத் தாங்கும். ஆனால் இழுபடாது, உடையும். தசைக்கு அது ஆகாது. மிக மெல்லிய அகர்ப் பசையை மூளைக்குப் பதிலாக வைத்து ஆராய்கிறார்கள். 

வேறு பொருள்களும் உண்டு. சுவிஸ் ஆய்வாளர்கள் கிளிசரின் சோப்பைச் சுடுகிறார்கள். சோப்பு திரும்பி மூடிக்கொள்ளாது. தற்காலிகக் குழி எவ்வளவு பெருத்ததோ அந்த அளவிலேயே நின்றுவிடும், அளந்து கொள்ளலாம். ஜெலட்டினில் குழி மூடிவிடும், விரிசல்கள் மட்டும் மிஞ்சும். குழியைப் பார்க்க அதிவேகக் கேமரா வேண்டும். எண்ணெயில் ஊறவைத்த ஒருவகைச் செயற்கை ரப்பர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், அறை வெப்பத்தில் கெடாது, விளம்பரப் படங்களுக்கு அழகாக இருக்கும். தசையோடு ஒத்துப்போவதில் அது ஜெலட்டினுக்கு ஈடில்லை என்பதே என் எண்ணம்.

கட்டி ஒருபடித்தானது, உடல் அப்படியல்ல என்பதுதான் இங்கே அடிப்படைக் குறை. தோல் குண்டை முதலில் தடுக்கும். நுரையீரல் காற்றடைத்தது, அதில் குண்டு அதிகம் ஆற்றலை இழக்காது. எலும்பில் பட்டால் குண்டும் உடையும், எலும்புச் சில்லுகளும் குண்டாகும். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் தைத்தது. அவர் பிழைத்தார், குரல் மாறிப்போனது. கழுத்தில் மூச்சுக்குழல், பெரிய ரத்தக்குழாய்கள், நரம்புகள், முதுகெலும்பு எல்லாம் சில சென்டிமீட்டருக்குள் அடங்கியிருக்கின்றன. அதே துப்பாக்கி, அதே தோட்டா. குண்டு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் தமிழக அரசியல் வேறாக இருந்திருக்கும். எந்த ஜெலட்டின் கட்டியும் இந்த விரற்கடையைச் சொல்லாது.

அதைச் சொல்லத்தான் கம்ப்யூட்டர் வந்தது. முறை எளிதாகப் புரியும். உடலையும் குண்டையும் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட வேண்டும். குண்டு உடலைக் கடப்பது ஒரு மில்லி நொடிக்குள் முடிந்துவிடும் என்பதால், அந்த நேரத்தை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட வேண்டும். இதற்குப் பரவலாகப் பயன்படும் எல்எஸ்-டைனா மென்பொருள், அமெரிக்காவின் லிவர்மோர் அணு ஆயுத ஆய்வகத்தில் 1976இல் எழுதப்பட்ட ஒன்றின் வாரிசு. வழியில் கார் விபத்துகளைக் கணக்கிடக் கற்றுக்கொண்டது. தசை கிழியும் இடத்தில் கட்டங்கள் சிதைந்து கணக்கு முறிந்துபோகும். அப்போது அந்தக் கட்டங்களை அழித்துவிட்டு மேலே போவார்கள். அழித்த இடத்தோடு அதன் நிறையும் ஆற்றலும் காணாமற் போகும். இதற்கு மாற்றாகக் கட்டமே இல்லாமல் துகள்களாக வைத்துக் கணக்கிடும் முறை 1977இல் விண்மீன்களைப் படிப்பதற்காக உருவானது. விண்மீனுக்குச் செய்த கணக்கு இன்று தொடைச் சதைக்கு உதவுகிறது.

கணக்குக்குத் தீனி வேண்டும். ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் நசுக்கப்படும்போது ஈரல் எவ்வளவு விறைப்பாக நிற்கும்? மெதுவாக அழுத்தினால் வரும் எண் இதற்கு உதவாது. வேகமாக அடித்தால் சதை பல மடங்கு கடினமாகும். ஹாப்கின்சன் தண்டு என்ற நீண்ட உலோகத் தண்டுகளுக்கிடையில் திசுத் துண்டை வைத்து அடித்து அந்த எண்ணை எடுக்கிறார்கள். எடுத்த திசு பெரும்பாலும் பன்றியுடையது, செத்தது, குளிர்ந்தது.

இன்னொரு தொல்லை குண்டின் நுனியிலேயே இருக்கிறது. நம் காவல்துறையில் நெடுங்காலம் புழங்கிய எஸ்.எல்.ஆர். ரைபிளின் 7.62 மில்லிமீட்டர் குண்டு ஜெலட்டினுக்குள் சுமார் 15 சென்டிமீட்டர் தூரம் நேராகப் போய், அதன்பின் குப்புறப் புரளும். புரளும் இடத்தில்தான் பெருஞ்சேதம். எங்கே புரளும் என்பது, உடலைத் தொடும் நொடியில் குண்டு ஒரு டிகிரி சாய்ந்திருந்ததா மூன்று டிகிரி சாய்ந்திருந்ததா என்பதைப் பொறுத்தது. அந்தச் சாய்வை யாரும் அளந்து வைத்திருக்கப் போவதில்லை. ஆகவே ஒரே ஒரு முறை ஓட்டிய கணக்கை வண்ணப்படமாக நீதிமன்றத்தில் காட்டி "இப்படித்தான் நடந்தது" என்பது ஏமாற்று. நூற்றுக்கணக்கான முறை, வெவ்வேறு சாய்வுக்கும் வேகத்துக்கும் ஓட்டிப் பார்த்து, "இந்தத் தூரத்துக்குள்தான் சுட்டிருக்க முடியும், இந்தக் கோணம் பொருந்தாது" என்று எல்லை கட்டிச் சொல்வதே நேர்மையான விடை. இல்லாததை ஒதுக்குவதில் கம்ப்யூட்டர் கெட்டி. உள்ளதைச் சாட்சி சொல்வதில் அல்ல.

மாதிரி உடல் யாருடையது என்றும் கேட்க வேண்டும். 1994இல் அமெரிக்க மருத்துவ நூலகம் வெளியிட்ட முழு மனித உடல் படத்தொகுப்பு, மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு டெக்சாஸ் கைதியின் உடலை உறைய வைத்து ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சீவி எடுத்தது. அதற்குப் பின் வந்த மாதிரிகளிலும் முன்னிற்பவர் 75 கிலோவுக்கு மேற்பட்ட நடுத்தர வயது ஆண். 2018இல் தூத்துக்குடிப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 17 வயதுப் பெண்ணும் சுடப்பட்டு இறந்தார். அவருடைய உடல் அந்த மாதிரியில் இல்லை.

இந்தியாவில் இந்த ஆய்வின் தலைமையிடம் சண்டிகரில் 1961இல் நிறுவப்பட்ட டி.பி.ஆர்.எல்., அதாவது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் குண்டுவிளைவு ஆய்வகம். குண்டு துளைக்காத சட்டைக்கு 2018இல் ஐஎஸ் 17051 என்ற இந்தியத் தரம் வந்தது. சட்டை குண்டை நிறுத்தினாலும் பின்பக்கம் பள்ளமாகும். களிமண்ணில் அந்தப் பள்ளத்தை அளந்துதான் சட்டையைத் தேற்றுகிறார்கள். அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் 44 மில்லிமீட்டர் 1970களில் ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. இன்றும் அதை யாரும் அசைக்கவில்லை. காஷ்மீரில் 2010க்குப் பின் கூட்டத்தைக் கலைக்கப் பயன்படுத்திய பெல்லட் துப்பாக்கியோ பல இளைஞர்களின் பார்வையைப் பறித்தது. ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான சிறு ஈயமணிகள். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் குருடு. "உயிர் போகாது" என்று சொல்லிக் கொடுக்கப்படும் எந்த ஆயுதமும் முதலில் கண்ணுக்கான மாதிரியில் சோதிக்கப்பட வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

ஆனால் மதுரைச் சமவெளியில் உடலைத் துளைப்பது பெரும்பாலும் குண்டல்ல, கொம்பு. பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு, மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். பலத்த காயம் பட்டவர்கள் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 350 கிலோ காளை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 4,375 ஜூல். எஸ்.எல்.ஆர். குண்டின் ஆற்றலோ 3,000 ஜூலுக்குச் சற்று மேல். காளையிடம் ஆற்றல் கூடுதல். ஆனாலும் கொம்புக் காயத்தில் தற்காலிகக் குழி என்பதே கிடையாது. ஆற்றல் எண்ணை மட்டும் வைத்துக் காயத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. கொம்பு வேறு வகையில் ஏமாற்றும்: குத்திய மாடு தலையைச் சிலுப்புவதால், வெளியே ஒரு சிறு துளையும் உள்ளே இரண்டு மூன்று திசையில் ஆழமான கிழிசலும் இருக்கும், கூடவே மண்ணும் சாணமும் போயிருக்கும். ஸ்பெயினில் காளைப்போர் அரங்கிலேயே அறுவை அறை வைத்து இதற்குத் தனி மருத்துவமே வளர்த்திருக்கிறார்கள். மாட்ரிட் அரங்கின் வாசலில் பெனிசிலின் கண்ட ஃபிளெமிங்குக்குச் சிலை நிற்பதன் காரணம் அதுதான். மாடுபிடி வீரருக்கு அடிவயிற்றையும் விலாவையும் காக்கும் மெல்லிய கவசம் வேண்டுமென்றால், ஜெலட்டின் கட்டியும் ஒரு கொம்பும் தள்ளும் இயந்திரமும் போதும். வேகம் குறைவு என்பதால் கம்ப்யூட்டர் கணக்கும் எளிது. தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற இடத்தில் இறுதியாண்டு மாணவர்களே செய்யக்கூடிய வேலை.

இனி துப்பாக்கிச் சூட்டு விசாரணைகளுக்கு வருவோம். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த மக்களில் 16 பேர் போலீஸ் சூட்டில் இறந்தார்கள். 2011இல் பரமக்குடி. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளிலும் மறுநாளும் தூத்துக்குடி; 13 பேர். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றே: எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தத் திசையில், எங்கே குறிவைத்து? தூத்துக்குடியில் இறந்தோரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பட்டிருந்ததையும், அவர்களில் பாதிப்பேர் பின்னாலிருந்து சுடப்பட்டதையும் உடற்கூறாய்வு அறிக்கைகளை வைத்து ராய்ட்டர்ஸ் 2018 டிசம்பரில் வெளியிட்டது. அதற்கு முன்பே, ஆகஸ்டில், மதுரைக் கிளை வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்திருந்தது. 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, தப்பியோடியவர்கள் மீதும் சுட்டிருப்பதைச் சொல்லி, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை கோரியது.

முன்னாலா பின்னாலா என்று சொல்ல ஜெலட்டினும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். குண்டு நுழைந்த இடத்தில் தோலைச் சுற்றி ஒரு சிராய்ப்பு வளையம் இருக்கும். மண்டையோட்டில் நுழைதுளை உட்பக்கமாகப் புனல்போல் விரியும், வெளியேறும் துளை வெளிப்பக்கமாக விரியும். நல்ல தடயவியல் மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்வார். புதிய கருவிகள் தேவைப்படுவது வேறொரு வாதத்துக்கு. "தரையைப் பார்த்துத்தான் சுட்டோம், தெறித்துப் பட்டுவிட்டது" என்பது துப்பாக்கிச் சூடுகளில் அடிக்கடி எழும் விளக்கம். தெறித்த குண்டு நசுங்கியிருக்கும், புரண்டபடியே நுழையும், நுழைதுளை ஒழுங்கற்று இருக்கும், ஆழம் குறைவாகப் போகும். அதே தார்ச்சாலை, அதே குண்டு, அதற்குப் பின்னால் ஜெலட்டின் கட்டி என்று வைத்துச் சுட்டுப் பார்த்து, கிடைத்ததை உடலில் கண்ட பாதையோடு கம்ப்யூட்டரில் பொருத்தினால் அந்த விளக்கம் நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். வேன் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டதா, சமதரையில் நின்று சுட்டதா என்பதும் அப்படியே.

இதற்கு உடலுக்குள் குண்டு போன பாதை மில்லிமீட்டர் கணக்கில் வேண்டும். சட்டம் கொஞ்ச தூரம் வந்திருக்கிறது. 2014இல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் என்கவுன்டர் மரணங்களில் உடற்கூறாய்வை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், துப்பாக்கிகளைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஆனால் வீடியோவிலிருந்து கோணத்தை அளக்க முடியாது. "இடது மார்பில் நுழைந்து வலது முதுகில் வெளியேறியது" என்ற வரியை எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்ற முடியாது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், கோகர் வாழ்ந்த அதே ஊரில், மைக்கேல் தாலி குழுவினர் இருபதாண்டுக்கும் முன்பே, உடலை அறுப்பதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். டெல்லி எய்ம்ஸ் 2021இல் அதைத் தொடங்கியது. சி.டி. எடுத்துவிட்டால் எலும்புச் சில்லு தெறித்த திசை, ஈயத் துகள் சிதறிய பாதை, தங்கிய குண்டின் சாய்வு எல்லாம் என்றைக்கும் அழியாத எண்களாக நிற்கும். பத்தாண்டு கழித்து மேம்பட்ட மென்பொருள் வந்தாலும் அதில் ஏற்றிப் பார்க்கலாம். உடலை அறுத்து, தைத்து, எரித்துவிட்டால் திரும்ப அளக்க ஒன்றும் மிஞ்சாது.

சி.டி. இயந்திரம் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இருக்கிறது, தென்மாவட்டங்களின் மற்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருக்கிறது. ஓர் உடலுக்கு அரைமணி நேர வேலை. துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஒவ்வொருவருக்கும், சுட்டவர் போலீசானாலும் வேறு யாரானாலும், உடற்கூறாய்வுக்கு முன் முழு உடல் சி.டி. கட்டாயம் என்றும், அதன் மூலப் பதிவின் ஒரு பிரதி நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும் என்றும் தமிழக அரசு ஓர் ஆணை போட வேண்டும். புதிய ஆய்வகம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.